தரகர், ஞாயிறு விளம்பரம், இணையத்தளம்: திருகோணமலையில் கலியாணம் பேசும் சேவைகள், ஒரு மதிப்பீடு

முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு, பிறகு அவர் யாரென்று அந்த வீட்டுக்குள் இருந்தே துப்பறிகிற கதைகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பூட்டிய அறை, ஒளித்து வைத்த கடிதம், முதல் மனைவியின் படம் என்று அவை போகும். இங்கே கலியாணம் பேசுகிறவர்களுக்கு அவ்வளவு மர்மம் தேவையில்லை. மறைபடுகிற விசயங்களில் முக்கியமானவை மூன்று: வயது, முந்திய எழுத்து (கலியாணப் பதிவு), வெளிநாட்டு விசா நிலை. மூன்றையும் காகிதத்தில் பிடிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஆளை அறிமுகம் செய்கிற எந்தச் சேவையும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தரும் என்று நம்பி இருக்கமுடியாது. கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு குறையை வைத்துத்தான்.

மூன்று வழிகளில் ஊர்த் தரகருக்கே இன்னும் முதலிடம். பாலையூற்றிலோ உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு வீட்டுப் படியேறுகிற தரகருக்கு அந்த வீட்டின் காணி உறுதி யார் பேரில், பெடியன் குடிக்கிறவனா, தமக்கை ஏன் தாய்வீட்டில் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அநேகமாகத் தெரிந்திருக்கும். இணையத்தளம் எவ்வளவு கட்டணம் வாங்கினாலும் இதைத் தராது. ஆனால் கேட்டால்தான் வாய் திறப்பார். காரணம் கூலி கொடுபடுகிற முறை. பதிவுக் காசு கொஞ்சம், பெரும்பகுதி கலியாணம் முற்றானால்தான் என்று பேசுவது வழக்கம். பேச்சுக்கால் குழம்பினால் அவருக்கு நட்டம். இரண்டு பகுதியிலும் வாங்குகிறவராக இருந்தால் நட்டம் இரட்டிப்பு. ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு காரியம் பேசிவிடவேண்டும். மற்றப் பகுதியிடமும் கூலி வாங்குகிறாரா என்று நேரே கேளுங்கள். மிச்சக் காசு நாள் குறித்த அன்றோ தாலிக்குப் பொன்னுருக்கல் அன்றோ அல்ல, மேலே சொன்ன மூன்றுக்குமான பத்திரங்களின் மூலப்பிரதியைக் கண்ணால் கண்ட பிறகு என்று முடிவு செய்யுங்கள். இதற்கு முகம் சுழிக்கிற தரகரை விட்டுவிடலாம்.

கேள்வி கேட்கிற விதமும் முக்கியம். "பெடியன் எப்படி?" என்றால் "தங்கமான பெடியன்" என்ற பதில்தான் வரும். "இதுக்கு முன்னம் எங்கெங்க பேசினது, ஏன் குழம்பினது?" என்று கேளுங்கள். குழம்பின இடங்களில் ஒன்றையாவது பேர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். சாதகக் குறிப்புப் பொருந்தாமல் விட்டது என்றால் பரவாயில்லை. குறிப்புப் பொருந்தி, சீதனமும் ஒத்துவந்து, கடைசி நேரத்தில் மற்றப் பகுதி சத்தமில்லாமல் விலகியிருந்தால் அந்த வீட்டோடு ஒரு தடவை கதைப்பது நல்லது.

நம்முடைய மாவட்டத்தில் தரகர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு, வேறு ஊர்களில் இவ்வளவு இல்லை. 1990இல் எத்தனையோ குடும்பங்கள் கடல்கடந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போயின. 2006இல் சம்பூரும் மூதூர் கிழக்கும் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தன. "ஊரிலை விசாரிச்சனான்" என்று தரகர் சொல்லும்போது, மீளக் குடியேறிய பிறகான வருடங்களைத்தான் அவர் விசாரித்திருப்பார். அதற்கு முன்னைய காலம் மட்டக்களப்பிலோ திருச்சியிலோ கிடக்கும். பிடிக்க ஒரே வழி, 18 வயதிலிருந்து வருடவாரியாக எங்கே இருந்தார் என்று எழுதி வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் அங்கே கூட இருந்த ஒருவரின் பெயர் கேட்பது. முகாமில் கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்ட கலியாணம் இங்கே எந்தப் புத்தகத்திலும் இராது. கூட இருந்தவர்களின் வாயில்தான் இருக்கும்.

இனி வயது. இதற்குத் தரகரும் வேண்டாம், சாத்திரியாரும் வேண்டாம், தேசிய அடையாள அட்டை இலக்கம் போதும். பழைய அட்டையில் முதல் 2 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 2016க்குப் பின் வந்த 12 இலக்க எண்ணில் வருடம் 4 இலக்கமாக இருக்கும், நாள் அதற்கடுத்த மூன்று. பெண் என்றால் நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். 1991 மார்ச் 1இல் பிறந்த ஆணின் பழைய இலக்கம் 91061 என்று தொடங்கும், பெண்ணுடையது 91561 என்று தொடங்கும். கணக்குப் பார்க்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: அட்டைக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள். 28 என்று எண்ணினால் மார்ச் 1 தொடங்கிப் பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் பிசகும். அந்த ஒரு நாளை வைத்து ஆளைக் கள்ளன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அட்டை காட்டாமல் குறிப்பு மட்டும் தந்தாலும் வருடத்தைச் சோதிக்கலாம். சனி ஒரு இராசியில் ஏறத்தாழ இரண்டரை வருடம் நிற்பவர், அவசரமாகத் தேதி மாற்றுகிறவர்கள் அவரைக் கவனிப்பதில்லை. 1991இல் பிறந்தவருக்குச் சனி மகரத்தில் இருக்கவேண்டும், 1994 என்றால் கும்பத்தில். 1994 என்று எழுதிய குறிப்பில் சனி மகரத்தில் இருந்தால், அது இன்னும் மூத்த ஒருவரின் கட்டம், தலைப்பில் மட்டும் தேதி மாறியிருக்கிறது. செவ்வாய் எட்டிலிருந்து தோசமில்லாத வீட்டுக்கு நகர்வதும் இதே பேனாவால்தான். சந்திரன் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு நட்சத்திரம் தாண்டுகிறபடியால், அந்தத் தேதியின் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் நட்சத்திரமும் காட்டிக்கொடுக்கும்.

வீரகேசரி, தினக்குரல் ஞாயிறுப் பதிப்புகளில் வரும் மணமக்கள் விளம்பரம் மலிவு, நாடு முழுக்கப் போகும், வெளிநாட்டு உறவினர் கண்ணிலும் படும். பிறந்த வருடம், நட்சத்திரம், செவ்வாய் நிற்கிற இடம், கிரகபாவம் என்ற தோசக் கணக்கு, தொழில் என்று நாலு வரியில் எல்லாம் வந்துவிடும். அந்தச் சுருக்கந்தான் பலவீனமும். "தனியார் நிறுவனத்தில் முகாமையாளர்", "சொந்தத் தொழில்", "சட்டப்படி விவாகரத்தானவர்" ஆகிய மூன்று சொற்றொடரையும் தொலைபேசியிலேயே உடைத்துக் கேட்கவேண்டும். விவாகரத்து என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் பிரதி. முதலில் வரும் தீர்ப்பு, குறைந்தது 3 மாதம் கழித்து உறுதியான பிறகுதான் முடிவானது. அதற்கிடையில் கட்டுகிற கலியாணம் செல்லாது. வழக்கு நடக்கிறது, முடிஞ்ச மாதிரித்தான் என்பவரிடம், முடிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

இணையத்தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தேடல் வசதி நல்லது. வயது, சமயம், நாடு, படிப்பு என்று வடிகட்டலாம். படத்துக்குப் பக்கத்தில் வரும் "சரிபார்க்கப்பட்டது" அடையாளம், தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போய் வந்தது என்பதற்கு மேல் எதையும் உறுதிசெய்யாமல் இருக்கலாம். கட்டணம் கட்டமுதல், அந்த அடையாளத்துக்கு எதைப் பார்த்தார்கள் என்று விதிகளில் தேடிப் படியுங்கள். வாட்ஸ்அப் காணொளி அழைப்பை மூன்றாவது தடவையும் தள்ளிப்போடுகிறவரோடு, நேரில் காணமுதல் காசுச் சிக்கல் பேசுகிறவரோடு மேற்கொண்டு போகவேண்டாம்.

காசுக்கு மிகவும் பெறுமதியான சேவை, ஒருவரும் சேவை என்று நினைக்காத விவாகப் பதிவாளர் கந்தோர். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அந்தப் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்தவர் அறிவித்தல் கொடுக்கலாம். இருவரும் வேறு வேறு பிரிவென்றால் இரண்டு இடத்திலும் கொடுக்கவேண்டும். 12 நாள் கழித்துத்தான் சான்றிதழ், 3 மாதத்துக்குள் எழுத்தை முடிக்கவேண்டும். இடையில் ஆட்சேபனை உள்ளவர் அதைத் தெரிவிக்கலாம். 12 நாள் காத்திருப்பது வேலை கெட்ட வேலை என்று விசேட அனுமதிப்பத்திரம் எடுத்து உடனே எழுதுகிறவர்கள் பலர். லீவில் வந்த மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவருக்கு முன்னரே எழுத்து நடந்திருக்குமோ என்று சந்தேகிக்க இம்மியளவு காரணம் இருந்தாலும் சாதாரண வழியிலேயே போங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் தனி, மேலே சொன்ன நாட்கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. "இப்ப எழுத்து மட்டும், தாலி பிறகு." வெளிநாட்டுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் வேலைக்கு வேண்டும் என்று கைச்சாத்து வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு குணம் பிடிக்காமல் பேச்சு முறிந்தால் பெற்றோர் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. எழுதிய நிமிடத்திலிருந்து அது முழுக் கலியாணம். பிரிய மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும், அங்கே காட்டக்கூடிய காரணமும் மூன்றுதான்: பிறரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற இயலாமை. "ஒத்துவரேல்லை" என்பது காரணமாகாது. ஆளை அறிய எடுக்கவேண்டிய காலத்தை எழுத்துக்கு முன்னால் எடுங்கள், தாலிக்கு முன்னால் அல்ல.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு, அல்லது பொம்பிளைக்கு, இன்னும் சில கேள்விகள் உண்டு. கனடா என்றால் "முந்தி ஆரையாவது ஸ்பொன்சர் செய்தனீங்களா, உங்களை ஆரும் மனைவியாக, கணவனாக எடுத்ததா?" என்று கேட்கவேண்டும். அப்படி வாழ்க்கைத் துணையாக எடுக்கப்பட்டவர் பி.ஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்து 5 வருடம் போகாமல் இன்னொரு துணையை எடுக்கமுடியாது. முன்பு ஒருவரை எடுத்திருந்தால் அவருக்கான 3 வருடப் பொறுப்பு முடிந்திருக்கவேண்டும். ஆள் இல்லாமல் தொலைபேசியிலோ பதிலாள் வைத்தோ செய்த கலியாணத்தை 2015 முதல் அவர்கள் குடிவரவுக்கு ஏற்பதில்லை. ஒன்ராறியோவில் எடுத்து வருகிற "பதிவில் இல்லை" என்ற தேடல் கடிதம் அந்த மாகாணத்தில் பதிந்த கலியாணங்களுக்கு மட்டுமே. திருகோணமலையில் 2012இல் எழுதிய ஒன்று அதில் வராது. லண்டன் என்றால் வருமானம்: 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கிறவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் காட்டவேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இழுப்பவர்கள், விசா அதிகாரியும் அதையே கேட்பார் என்பதை யோசிக்கட்டும்.

மருத்துவப் பொருத்தம் எந்தத் தரகரும் பேசாதது, செலவு குறைந்தது. ஒரு முழு இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி (செங்குருதிக் கலத்தின் சராசரி அளவு) 80க்குக் கீழோ எம்.சி.எச் (அதிலுள்ள ஹீமோகுளோபினின் சராசரி) 27க்குக் கீழோ இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியா, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவரா என்று அடுத்த பரிசோதனை செய்யவேண்டும். இரும்புச் சத்துக் குறைவாலும் இந்த எண்கள் இறங்கும், ஆகவே முதல் சீட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒருவர் மட்டும் காவி என்றால் பேச்சைத் தொடரலாம். இருவரும் காவி என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. குறிப்பைச் சாத்திரியாரிடம் கொடுக்கிற அதே கிழமையில் இரண்டு பேரும் இரத்தத்தையும் கொடுத்தால், எந்தப் பகுதியும் மற்றப் பகுதியைச் சந்தேகிக்கிற மாதிரித் தோன்றாது.