நீலகிரித் தைலமும் ஆவி மெஷினும்: சளி பிடித்த வீட்டுக்கு எது உதவும்?

வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் நான்காம் நாள் எல்லார் மூக்கும் ஒழுகும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜூன் தூறலிலும் டிசம்பர் உறைபனியிலும் இது வாடிக்கை. உடனே கைக்கு வருபவை இரண்டு: அலமாரியில் இருக்கும் நீலகிரித் தைலம், மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஆவி மெஷின். தைலத்தை வாங்கலாம். மெஷினை மூடி கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம். தைலத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் பாட்டிலைச் சளிக்கென்று வாங்கவே வேண்டாம். நடுநடுவே, கம்பளிக்குள் முடங்கிக் கிடப்பவரிடம் கேட்டுப் பார்க்கச் சில வேடிக்கைத் தகவல்களும் உண்டு. ஐந்து நிமிஷம் ஆவி பிடிக்க உட்காரவே அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அவைதான் லஞ்சம்.

முதலில் தைலம். ஊட்டியில் சாரிங் கிராஸிலிருந்து பொட்டானிக்கல் கார்டன் வரை வர்க்கி, சாக்லேட்டோடு சேர்த்து இதையும் விற்கிறார்கள். லேபிளில் மலைப்படம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தைலத்தின் முக்கிய வேதிப்பொருளான 1,8-சினியோல் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். மணமும் குணமும் அதில்தான். ஐரோப்பிய மருந்துத் தர நூல் குறைந்தது 70 விழுக்காடு கேட்கிறது. அந்த எண், தயாரித்த மாதம், பேட்ச் எண் மூன்றும் இல்லாத பாட்டில் வெறும் வாசனைப் பொருள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். நல்ல தைலம் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய்க்கறை நிற்காது. சமவெளியில் சீக்கிரம் காய்வது ஊட்டிக் குளிரில் சில மணி நேரம் இழுக்கும், அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாவது: 1 மில்லி தைலத்தில் 70 விழுக்காடு ஸ்பிரிட் 5 மில்லி ஊற்றிக் குலுக்குங்கள். தெளிவாகக் கரைந்தால் சரி. தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாராஃபினோ கலந்திருந்தால் கலங்கிப் பிரிந்து நிற்கும். குளிரிலும் லேசாகக் கலங்கும் என்பதால் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். டர்பன்டைன் கலப்படம் இந்த இரண்டிலும் தப்பிவிடலாம். அதற்கு மூக்குதான் சோதனைச்சாலை, பெயிண்ட் கடை வாசனை அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்று காட்டும் வியாபாரியை நம்ப வேண்டாம், மண்ணெண்ணெய்கூட மிதக்கும்.

கலப்படம் ஏன் இவ்வளவு என்றால், தைலம் தருகிற யூகலிப்டஸ் மரத்தின் இலையில் எண்ணெய் குறைவு. நூறு கிலோ பச்சை இலையை ஆவியில் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ தைலம்தான் தேறும். சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. ஆனால் நீராவி அதைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவதால் விறகடுப்பே போதும். மலையில் இந்த மரத்தைக் கற்பூர மரம் என்பார்கள், சமவெளியில் தைல மரம். நிஜமான கற்பூரம் வேறொரு மரத்தின் சரக்கு. 1843-இல் வெள்ளைக்காரர்கள் இதை இங்கே கொண்டுவந்தது தைலத்துக்கல்ல, விறகுக்கு. தமிழ்நாடு முழுக்க நம் மலைப்பெயரில் விற்கும் தைலத்தின் மரம், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்துக்கு மாநில மலர் தருகிற மரம்!

இது மூக்கடைப்பை நீக்குகிறதா? இல்லை, நீங்கியது போலத் தோன்ற வைக்கிறது. மூக்குக்குள் குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்8 என்ற உணரி உண்டு. புதினாவின் மென்தால் அதைத் தட்டி எழுப்பும், சினியோலும் கொஞ்சம் எழுப்பும். உடனே மூளை, ‘குளிர்காற்று தாராளமாக வருகிறது’ என்று நம்பிவிடும். மென்தாலை வைத்து அளந்து பார்த்தபோது காற்று போகும் வழி அகலவில்லை, ஆனால் முகர்ந்தவர்கள் மூக்கு திறந்ததாகவே சொன்னார்கள். இந்த உணரியைக் கண்டறிந்தவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூடியன் இருவருக்கும் வெப்பம், தொடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூக்கு ஏமாந்தால் என்ன, ராத்திரி தூக்கம் வருகிறதே. சளிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல் என்றால் தைலத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

பயன்படுத்த நல்ல வழி, இருப்பதிலேயே எளிய வழி: கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுத் தலையணைக்கு ஒரு முழம் தள்ளி வைப்பது. நெஞ்சில் தேய்க்க வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு மூன்று சொட்டு, அதற்குமேல் தோல் எரியும். ஊட்டியில் தேங்காய் எண்ணெய் வருஷம் பூராவும் வெண்ணெய்க்கட்டி மாதிரி உறைந்தே இருக்கும், அது 24 டிகிரி வாக்கில்தான் உருகும். உறைந்ததன்மேல் தைலத்தை விட்டால் கலக்காமல் ஓரிடத்தில் தேங்கி அங்கே சுடும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கிக் கலக்குங்கள், அல்லது நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மெஷின். மூடியைக் கழற்றினால் கீழே இரண்டு உலோகத் தகடுகள் தொங்குகின்றனவா? அப்படியானால் அதற்குள் ஹீட்டர் காயில் கிடையாது. மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைச் சூடாக்குகிறது. அதாவது ஓடும்போது அந்தத் தண்ணீரே கரண்டுள்ள கம்பி. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறப்பதும், ஈரக்கையால் தண்ணீர் சேர்ப்பதும் உயிரோடு விளையாட்டு. நல்ல குணமும் ஒன்று உண்டு: தண்ணீர் தீர்ந்தால் மின்சாரத்துக்கு வழியில்லை, தானாக நின்றுவிடும்.

சென்னையில் நன்றாக ஓடிய மெஷின் ஊட்டிக்கு வந்ததும் ‘ரிப்பேர்’ என்று திருப்பிக் கொடுக்கப்படுவதன் ரகசியமும் இதுதான். பார்சன்ஸ்வேலி அணைத் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது. கால்மணி நேரம் ஆனாலும் வெதுவெதுப்பாகவே நிற்கும். விரல்நுனியில் எடுத்த உப்பு ஒரு சிட்டிகை போதும். அரை ஸ்பூன் போட்டால் மின்சாரம் எகிறி, கொதிநீர் மூக்குமுனைக்குத் தெறிக்கும், பிளக் சூடாகும், ஃபியூஸ் போகும். போர்வெல் தண்ணீர் என்றால் உப்பே வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டிக்குள் தைலத்தை ஊற்றாதீர்கள். சினியோல் தெர்மோகோலைக் கரைக்கும். ஒரு துண்டு தெர்மோகோலில் சொட்டு விட்டால் குழி விழுவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். மலிவு பிளாஸ்டிக் வெடிப்பு விடுவதும் மூடி பிசுபிசுப்பதும் இதனால்தான். மேலே மருந்துக்கென்று குழி இருந்தால் அதில் பஞ்சு வைத்து இரண்டு சொட்டு, இல்லாவிட்டால் கைக்குட்டை முறை. தைலத்தையும் கண்ணாடிப் பாட்டிலிலேயே வாங்குங்கள். ஹீட்டர் காயில் மூடி மறைந்திருக்கும் மாடல் கிடைத்தால், கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

‘மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அதனால் சுடாது’ என்று ஒரு பேச்சு உண்டு. முதல் பாதி நிஜம்: ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையின் முக்கால் பங்குதான், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுப்பதும் நோயாளிக் கஞ்சி இழுத்தடிப்பதும் அதனால். ஆனால் தோலுக்கு 93-ம் 100-ம் ஒன்றுதான், இரண்டும் வெந்துபோகும். கட்டில்மேல் சட்டியை வைத்துப் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைப்பதுதான் பெரிய விபத்துக்காரணம். சட்டியில் பிடிக்கும் பெரியவர்களும் அதைச் சிங்க் தொட்டிக்குள் வைத்து, முகத்தை ஒரு அடி தள்ளி, ஐந்து நிமிஷத்தோடு எழுந்துவிட வேண்டும். ஆஸ்துமாக்காரருக்குத் தைல வாடையே இழுப்பைக் கிளப்பலாம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தைலம் கிடையாது, மூக்கிலும் இல்லை, நெஞ்சிலும் இல்லை. சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டு உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் எந்த வயதிலும் வேண்டாம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சிறு பிள்ளையை மயக்கத்திலும் வலிப்பிலும் தள்ளப் போதும். அதைவிடக் குறைந்த அளவும் ஆபத்தாகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்படியானால் கோலாக்கரடி எப்படித் தினமும் அந்த இலையையே தின்கிறது? அதன் கல்லீரல் அந்த நஞ்சை உடைக்கவே பழகியது. சத்தில்லாத சாப்பாடு என்பதால் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை தூங்குகிறது, சளி பிடித்த பெரியப்பா மாதிரி.

விண்டர்கிரீன் தைலம் மூட்டுவலிக்கானது. அதே அளவுப் பாட்டில், அதே அலமாரி, அதே பச்சை லேபிள் என்பதால்தான் எச்சரிக்கை. அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தோலில் தேய்ப்பதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும். இரண்டு தைலத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த உயரத்தில் நலமாக இருப்பவருக்கே 94, 95 காட்டலாம். எல்லாரும் நன்றாக இருக்கும் நாளில் அளந்து காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தால், காய்ச்சல் நாளில் ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும். விறைத்த விரலும் நெயில் பாலிஷும் பொய் சொல்லும், கையைத் தேய்த்துச் சூடாக்கி அரை நிமிஷம் காத்திருங்கள். நோயாளி அறையில் குளிருக்காகக் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தாதீர்கள்: கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினாலும் இந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது, 98 என்று சாதுவாகக் காட்டும். தைலப் பாட்டிலும் அந்த அடுப்புப் பக்கம் போகக் கூடாது, அதன் ஆவி 50 டிகிரிக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

கடைசியாக ஆவிக்கு உட்காரும்போது கேட்க ஒரு கேள்வி: நீலகிரிக்கு நீலம் எங்கிருந்து வந்தது? இந்த மரத்தின் நீலப்புகையால் என்று சில கடைக்காரர்களே சொல்வார்கள். சிட்னிக்குப் பக்கத்திலுள்ள நீலமலைக்கு அந்தக் கதையைச் சொல்வதுண்டு. நம் மலையின் பெயரோ 1117-ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டிலேயே, தோடர்களோடு சேர்ந்து, இருக்கிறது. மரம் வந்து சேர அதற்குப் பிறகு எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆனது.