டாலாவின் வெந்நீர்க் குழாய்: குளிர்காலத்துக்கு மட்டும் பொருந்தும் நல்ல சேவை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினின் தென்மேற்கே உள்ள டாலாவில், அமேசானின் தரவு மையம் (இணையச் சேவைகளை நடத்தும் சர்வர் கணினிகள் குவிந்திருக்கும் கட்டடம்) வெளிவிடும் கழிவு வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கும் சேவை 2023இல் தொடங்கியது. தெற்கு டப்ளின் கவுண்டி கவுன்சிலுக்குச் சொந்தமான, இலாப நோக்கற்ற ஹீட்வொர்க்ஸ் நிறுவனம் இதை நடத்துகிறது. கவுன்சில் அலுவலகமும் நூலகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் இந்த வெப்பத்தைப் பெறுகின்றன.

சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது என்றாலும், அவற்றைக் குளிர்வித்து வெளியேறும் காற்று வெதுவெதுப்பானதே அன்றி, அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டருக்குப் போதுமான சூடு அதில் இராது. அதனால் அந்த வெப்பத்தை நீருக்கு மாற்றி, வெப்பத்தை உறிஞ்சி மேலும் கூடிய சூட்டில் தரும் வெப்பப் பம்பின் உதவியால் அதன் சூட்டை உயர்த்தி, நிலத்தடிக் குழாய்களில் அனுப்புகிறார்கள். பம்புக்கும் மின்சாரம் வேண்டும். ஆயினும் குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் இதற்குக் குறைவாகவே செலவாகிறது. அமேசான் இந்த வெப்பத்துக்கு விலை வாங்குவதில்லை. (ஸ்டாக்ஹோமில் இதே சரக்கைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!)

வெப்ப வழங்கலாக இதில் பெரிய குறை காண முடியவில்லை. நகரச் சூட்டைத் தணிக்கும் வழியாக இதைப் புகழ்வோரிடம்தான் எனக்கு உடன்பாடில்லை. குழாய் வழியே நூலகத்துக்குள் சென்ற வெப்பமும் சுவர், சன்னல் வழியாகக் கசிந்து இறுதியில் அதே ஊர்க் காற்றில்தான் கலக்கிறது. மிச்சமாவது, அக்கட்டடங்களைச் சூடாக்க இல்லையேல் எரித்திருக்க வேண்டிய எரிவாயுவின் வெப்பமும் புகையும் மட்டுமே. அது சிறு நன்மை அன்று, ஆனால் அது குளிர்காலத்து நன்மை. கோடையில் ரேடியேட்டரைத் திறப்பார் இல்லாதபோது, பெரும்பகுதி வெப்பம் முன்போலவே வெளியேதான் போக வேண்டும். டப்ளினின் மிதமான கோடையில் இது பொருட்டில்லை. தரவு மையங்கள் நெருங்கி நிற்பதும், சில கோடை நாள்களில் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவதுமான ஃபிராங்க்ஃபர்ட்டில், காற்றசையாத இரவுகளில், இதே ஏற்பாடு கைகொடுக்காது.

அளவையும் பார்க்க வேண்டும். 2015இல் அயர்லாந்தின் மின் நுகர்வில் 5 விழுக்காடாக இருந்த தரவு மையங்களின் பங்கு, 2023இல் 21 விழுக்காடாகி, நகர்ப்புற வீடுகளின் பங்கையே மிஞ்சிவிட்டது. அத்தனை வெப்பத்தையும் ஏற்கும் குழாய்கள் அந்நாட்டில் இல்லை. அங்கே பெரும்பாலான வீடுகளில் தனித்தனிக் கொதிகலன்களே இருக்கின்றன. வெந்நீரைத் தொலைவுக்கு அனுப்புவதும் கட்டுப்படியாகாது என்பதால், வெப்பத்தை வாங்குவோர் மையத்துக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். டாலாவுக்கு அந்த வாய்ப்பு அமைந்தது.

வெப்ப வழங்கலாக ஐந்துக்கு நான்கு, நகரச் சூட்டுக்கு மருந்தாக ஒன்றரை மதிப்பெண் தருகிறேன்.