முகப்பில் பேசுவதா, முன்னாடியே பேசுவதா?

செட்டிநாட்டில் பூர்வீக வீட்டைப் பிரித்து விற்பது என்று பங்காளிகள் கூடிவிட்டால், முகப்பில் விரித்த பாயில் எல்லாத் தலையும் ஒரே மாதிரி ஆடும். பர்மாத் தேக்குத் தூணுக்குக் காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர் விலையும் சொல்லியாயிற்று. உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

கூட்டத்திலேயே "எனக்குச் சம்மதமில்லை அண்ணே" என்று சொல்லலாம். "நீயும் அங்கேதானே இருந்தாய்" என்று நாளைக்கு யாரும் கேட்க முடியாது. ஆனால் தனி ஆளாகச் சொல்வது லேசில்லை. 1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதனை செய்தார். கூட இருந்தவர்கள் (எல்லாம் செட்டப் ஆட்கள்) வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கம் சாய்ந்தது. கண்ணெதிரே தெரியும் கோட்டுக்கே இந்தக் கதி. பங்காளிகளோ நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து நிற்கவேண்டியவர்கள்.

இன்னொரு வழி, முந்தின நாளே ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பது. காபி குடித்துக்கொண்டே "வளவை (உள்முற்றம் உள்ள பகுதியை) மட்டுமாவது விட்டுவைக்கலாமே" என்றால், "எனக்கும் அப்படித்தான் தம்பி, யார் வாயைத் திறக்கிறது?" என்று ஒருவராவது சொல்லக்கூடும். ஆஷின் சோதனையில் சரியான பதில் சொல்ல ஒரே ஒரு துணை கிடைத்ததுமே ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்தது. தொல்லை என்னவென்றால், விஷயம் திரிந்து பெரியவர் காதுக்குப் போய், கோள்மூட்டி என்று பேர் வரும்.

என் கட்சி இரண்டாவதுதான், அதுவும் பாதி வழிக்கு. துணைக்கு ஒருவர் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை முகப்பிலேயே பேசிவிடலாம். கடைக்காரர் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டார் என்றால் அதற்கெல்லாம் நேரமில்லை. நேரே முதல் வழிதான்.