பழைய 407-இல் ஹெட்லைட் ரிலே: கிட்டைவிடக் கைவேலைக்கே மதிப்பெண்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றி, இரவில் பண்ருட்டி வழியாக ஓடும் எங்கள் பழைய டாடா 407 லாரிக்கு அண்மையில் ஹெட்லைட் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வயரிங் கிட் ஒன்றை வாங்கி, மஞ்சக்குப்பத்தில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்தினோம். கிட் சுமார் ரகம், வேலை முதல்தரம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

பழைய வண்டிகளில் பல்புக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் இரண்டையும் சுற்றிக்கொண்டுதான் முன்பக்கம் வருகிறது. 55 வாட் பல்பு இரண்டு எரிந்தாலே ஏறத்தாழ 9 ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரும், உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்புகளும் பல்புக்குப் போக வேண்டிய வோல்ட்டில் ஒரு பகுதியை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. இன்ஜின் ஓடும்போது எங்கள் பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, பல்பு முனையில் 11.6 வோல்ட்டே காட்டியது. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும் என்பதால், இந்த இழப்பு கிட்டத்தட்ட பாதி வெளிச்சத்தைத் தின்றிருந்தது. ரிலே போட்ட பிறகு பழைய வயர் ரிலேயை இயக்கும் சிறு வேலையை மட்டும் செய்கிறது. விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வருகிறது. இப்போது பல்பு முனையில் 13.3 வோல்ட் கிடைக்கிறது.

750 ரூபாய்க்கு வாங்கிய கிட்டில் டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலேயும் பீங்கான் ஹோல்டர்களும் இருந்தன. பழைய வயரிங்கை எங்கும் வெட்டாமல், அதன் மூன்று பின் பிளக்கையே கிட்டில் செருகிக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரின் மேலுறைதான் தடிமனே தவிர, உள்ளே செம்பு மிகக் குறைவு. ஃபியூஸ் ஹோல்டருக்கு மூடியும் இல்லை. போகும் பாதைக்குத் தடித்த வயர் போட்டுவிட்டு, திரும்பும் பாதையை மெல்லிய வயரிலும் துருப்பிடித்த பாடித் தகட்டிலும் விட்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும். கிட் செய்தவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன் அந்த எர்த் வயரைப் பார்த்தவுடன் கழற்றிப் போட்டுவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை இழுத்தார். வயர் முனையில் மாட்டும் லக்குகளை அழுத்திப் பிடித்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடினார். ரிலேக்களை மழைநீர் தெறிக்காத உயரத்தில், பின்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டினார். நீர் உள்ளே தேங்கி உப்பு படியாமல் இருக்க இதுவே வழி. மூடியுள்ள வேறு ஃபியூஸ் ஹோல்டரைப் பேட்டரியை ஒட்டியே வைத்தார், ஏனெனில் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனால் அதைக் காக்க எதுவும் இல்லை. இவ்வளவுக்கும் வாங்கிய கூலி 600 ரூபாய்.

கிட் விற்ற கடைக்காரர் 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்பும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றதில் வருத்தமில்லை: அந்தச் சூட்டில் ரிஃப்ளெக்டர் கருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும், சட்டத்துக்கும் பொருந்தாது. முழு வோல்ட் கிடைத்தால் 60/55 தாராளம். வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் குறையும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து, உபரியாக ஒன்றை வண்டியில் வைத்திருக்கிறோம். ரிஃப்ளெக்டரின் பூச்சே மங்கிப்போன வண்டிக்கு இந்தச் செலவு வீண்; முதலில் அதை மாற்ற வேண்டும். பொருத்தி முடித்ததும் சுவரில் அடித்துப் பார்த்து, ஒளி விழும் உயரத்தைச் சரிசெய்யவும் வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் ஒரே குறை, ரசீது தருவதில்லை. எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதையும் கேட்டால்தான் அட்டையில் எழுதித் தருகிறார். ஆகையால் வண்டியை எடுக்குமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.