புதுநன்மை வரைக்கும் எந்தப் பள்ளி? பங்குப்பள்ளியும் கான்வென்ட்டும்

தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும், புதுநன்மை (பூசையில் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்குவது) வரைக்கும் எந்தப் பள்ளி என்ற பேச்சு வந்துவிடும். கோவிலை ஒட்டியிருக்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளியில், அதாவது பங்குப்பள்ளியில், தமிழ் வழியில் சேர்ப்பதா, சிஸ்டர்கள் நடத்தும் ஆங்கில வழி கான்வென்ட்டா, இல்லை, சிபிஎஸ்இ பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஞாயிறு மறைக்கல்வி (கத்தோலிக்க நம்பிக்கையும் செபமும் சொல்லித்தரும் வகுப்பு) போதும் என்று இருந்துவிடுவதா? நாங்கள் இரண்டு பிள்ளைகளையும் பங்குப்பள்ளிக்குத்தான் அனுப்பினோம். மகன் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டான், மகள் மூன்றாவது படிக்கிறாள். அக்கா மகள் கான்வென்ட்டில் படிக்கிறாள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பங்குப்பள்ளிதான்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பாடநூல், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கான்வென்ட்டில் கட்டணம், வேன், ஷூ என்று போய்க்கொண்டே இருக்கும். கட்டடமும் விளையாட்டு மைதானமும் அங்கேதான் நன்றாக இருக்கும், அதிலும் சந்தேகமில்லை.

மறைக்கல்வி இரண்டு இடத்திலும் உண்டு. அந்த மணி நேரத்தில் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. மகனுடைய வகுப்பில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது வைக்கோல் கொண்டு வந்ததே அவர்களில் ஒருவன்தான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: பிள்ளை எந்த மொழியில் செபிக்கப் பழகுகிறது என்பது.

பங்குப்பள்ளியில் காலைக் கூட்டத்தில் சொல்லும் செபம், நண்பகல் மணிக்குச் சொல்லும் மூவேளை செபம், அக்டோபர் மாதச் செபமாலை, தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்கள், எல்லாமே தமிழில். அதே சொற்கள்தான் ஞாயிறு பூசையிலும், இரவு பாட்டி செபமாலை உருட்டும்போதும் வருகின்றன. இரண்டாம் வகுப்பிலேயே மகள் பாட்டியோடு மாறி மாறி 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கிவிட்டாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா மகளும் செபத்தில் குறைந்தவள் இல்லை. ஆனால் அவள் கற்றது முழுக்க ஆங்கிலத்தில். பாட்டி சொல்லும்போது பக்கத்தில் அமைதியாக இருப்பாள். புதுநன்மைக்கு முன், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் பத்துக் கட்டளைகளைக் கேட்டபோது தமிழில் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதில், இது இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் தடவை ஃபாதரிடம் போய் நிற்கிற பிள்ளை தம்பியை அடித்தது, அம்மாவிடம் பொய் சொன்னது, பென்சிலை எடுத்தது என்று தான் செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அடித்ததும் பொய் சொன்னதும் வீட்டு மொழியில் நடந்தவை. அந்த மொழியிலேயே மனஸ்தாபப்படப் பழகிய பிள்ளைக்குப் பாடம் ஒப்பிக்கிற பயம் வருவதில்லை. விவரம் தெரியும் வயதான ஏழு வாக்கிலேயே நற்கருணை கொடுக்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வயதைக் குறைத்தார். அந்த வயதுப் பிள்ளையிடம் பெரிய இறையியலை எதிர்பார்க்க முடியாது, புரிந்து சொல்கிற நாலு செபம் போதும்.

இந்தக் கரைக்கு இது புதிதும் இல்லை. 1542இல் இங்கே வந்த புனித சவேரியார் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் ஆள் வைத்துத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, ஊருக்குள் கையில் மணியோடு போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்ல வைத்தார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஒரு மறைக்கல்வி நூல். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் இந்த முத்துக்குளித்துறையில் உழைத்தவர்.

படிப்பிலும் இதன் பலன் உண்டு. மூன்றாம் வகுப்பில் மகள் சிறுவர் பூசையில் முதல் வாசகத்தைத் தட்டாமல் வாசித்தாள். தமிழில் சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குக் கணக்கில் வரும் வாக்கியக் கணக்கும் சூழ்நிலையியலும் சுலபமாகப் பிடிபடுகிறது.

கான்வென்ட்டின் பலத்தையும் சொல்ல வேண்டும். சிஸ்டர்கள் பாட்டு, ஒழுங்கு, மேடைப் பேச்சு எல்லாவற்றிலும் எடுத்துக்கொள்ளும் அக்கறை பெரிது. அக்கா மகள் கூட்டத்துக்கு முன் நின்று பேசுவதைப் பார்த்தால் எனக்கே ஆசையாக இருக்கும். ஆங்கிலத்திலும் அவர்கள்தான் முன்னால். மகன் ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறியதும் அறிவியல் புத்தகம் அவனைத் திணறடித்தது. மாலையில் கூடவே உட்கார வேண்டியிருக்கிறது. இப்போது பரவாயில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் எப்படி இருப்பான் என்று இப்போதே உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சிபிஎஸ்இயும் ஞாயிறு வகுப்பும் என்ற மூன்றாவது வழி, இரவு தவறாமல் குடும்பச் செபம் நடக்கிற வீட்டுக்குச் சரி. பெற்றோரே பிள்ளையின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவை) 1965இல் சொல்லியிருக்கிறது. ஆனால் கடலுக்கோ ஷிப்டுக்கோ போகிற வீட்டில் தினமும் அந்தப் பொறுப்பைச் சுமப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தையும் டியூஷன் சாப்பிட்டுவிடும்.

பங்குப்பள்ளி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். பிள்ளைகள் குறைந்துபோய், ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளிகளும் உண்டு. அப்படியென்றால் நான் கான்வென்ட்டையே சொல்வேன். சேர்க்கைக்கு முன் தலைமை ஆசிரியையிடம் எத்தனை ஆசிரியர்கள், மறைக்கல்வியை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தமிழ்ப் புத்தகத்தில் அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.