படகின் அடிக்கு எந்தப் பெயிண்ட், யார் சொல்வதை நம்புவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கரையேறி அடிக்குப் பெயிண்ட் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். தொழில் முடிந்ததும் மணலில் ஏற்றிப் போடும் ஃபைபர் படகுக்கு இந்தக் கவலை இல்லை. கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) வேர்பிடிப்பதற்குள் அடி காய்ந்துவிடும். தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்குத்தான் இவை ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் வேண்டும்.

போட்டி முக்கியமாக இரண்டுக்குள்தான். ஒன்று கெட்டிப் பெயிண்ட். காய்ந்தால் இறுகிவிடும், உள்ளே இருக்கும் செம்பு மெல்லக் கசிந்து கொட்டலசைத் தடுக்கும். தேய்த்துக் கழுவினாலும் தாங்கும். ஆனால் செம்பு தீர்ந்த பிறகும் படலம் அப்படியே நிற்கும். அதன்மேலேயே வருடாவருடம் பூசிக்கொண்டு போனால் தடித்து, பாளம் பாளமாக உரியத் தொடங்கும். அப்போது மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான். அதோடு, நீரில் கிடந்த படகை இரண்டு மாதம் வெயிலில் நிறுத்தினால் இதன் வீரியம் குறைந்துவிடும். நம் தடைக்காலத்தோடு ஒத்துவராத குணம் இது.

இன்னொன்று தேயும் பெயிண்ட். படகு ஓட ஓட சோப்புக்கட்டி மாதிரி மேல்பரப்பு கரைந்து, அடியிலிருந்து புதுச் செம்பு வெளிவரும். பழைய பூச்சு தடித்துச் சேராது. கரையேற்றி மறுபடி இறக்கினாலும் வகையைப் பொறுத்து வேலை செய்யும். முதல் பூச்சை வேறு நிறத்தில் அடித்துவிட்டால், அந்த நிறம் எட்டிப் பார்க்கும்போது பெயிண்ட் தீர்ந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் ஓடாமல் கட்டிக்கிடக்கும் படகில் இது சரியாகத் தேயாது. ஓயாமல் தொழிலுக்குப் போகும் விசைப்படகுக்கு என் ஓட்டு இதற்கே. அலுமினியப் படகென்றால் செம்புப் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள். உப்புநீரில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். ஒட்டியது வழுக்கி விழும் சிலிகோன் பூச்சு வேகமாக ஓடும் கப்பல்களுக்கு. மெதுவாக வலை இழுத்து, துறைமுகத்தில் பக்கத்துப் படகோடு உரசி நிற்கும் படகுக்கு அது வீண் செலவு.

சரி, எந்த பிராண்ட்? இணையத்தில் தேடினால் ஐந்து நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. அதில் பலவும் பெயிண்ட் அடித்த வாரத்திலேயே எழுதியவை: நன்றாகப் பரவியது, நிறம் அழகு. கொட்டலசு இன்னும் வரவே இல்லையே, அதற்குள் என்ன மதிப்பெண்? அப்புறம் தண்ணீர். விசி-17 என்ற பெயிண்டுக்கு அமெரிக்காவின் பேரேரிகளில் நல்ல பெயர் உண்டு. நன்னீர், குளிர்நீர். தூத்துக்குடியின் வெதுவெதுப்பான உப்புநீருக்கு அந்தப் பாராட்டு ஒன்றும் சொல்லாது. டப்பாவில் போட்டிருக்கும் செம்புச் சதவீதமும் அப்படித்தான்: எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு சீராக வெளியேறுகிறது என்பதே முக்கியம். செம்பு கொட்டலசைத் தடுத்தாலும் வழுவழுப்பான பாசி சில சமயம் தப்பிவிடும்.

பிராக்டிகல் செய்லர் என்ற அமெரிக்கப் பத்திரிகை விளம்பரம் வாங்குவதில்லை. பூசிய பலகைகளைக் கடலில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பார்க்கிறது. நட்சத்திரங்களைவிட அதை நம்பலாம். ஆனாலும் பலகை ஓடுவதில்லை. ஓடினால்தான் தேயும் பெயிண்டுக்கு அங்கே நியாயம் கிடைப்பது கடினம்.

படகுக்காரரின் திருப்தியை மட்டும் கேட்டிருந்தால் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டுகளுக்குத்தான் முதலிடம். அதன் இன்னொரு விமர்சனத்தைப் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாச் சிப்பிகள் எழுதின: ஓடு கோணலாகத் தடித்தது, இனப்பெருக்கம் விழுந்தது. 1982ல் பிரான்ஸ் சிறு படகுகளில் அதைத் தடுத்தது. 2008ல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது.

நான் நம்புவது பக்கத்தில் கரையேறும் படகின் அடியை. அதே துறைமுகம், அதே மாதிரித் தொழில், பூசி ஒரு வருடம் ஆன படகு. கழுவுவதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். உரிமையாளரிடம் எத்தனை பூச்சு, அடிக்கும் முன் உப்பை நன்றாகக் கழுவினார்களா என்றும் கேளுங்கள். பெயிண்ட் மேல் விழும் பழியில் பாதி அவசர வேலையால் வந்தது. இரண்டு பெயிண்டுக்கு நடுவே தயக்கம் தீரவில்லையென்றால் அடியில் ஒரே ஆழத்தில் இரண்டு பட்டைகளாக அடித்துவிடுங்கள். ஒன்றை நீர்மட்டத்தருகே, மற்றதைக் கீழே அடித்தால் ஒப்பீடு கெட்டுவிடும். வெளிச்சம் படும் இடத்தில் பாசி எப்படியும் அதிகம்.