ஹை-லோ சீட்டுக் கணக்கு: வீட்டில் பழகினால் எவ்வளவு தேறும்?

கேசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில், மீதியில் பெரிய சீட்டு அதிகமா சின்னது அதிகமா என்று கணிக்க, சீட்டு எண்ணும் முறைகள் பல இருந்தாலும், 1963-ல் ஹார்வி டப்னர் முன்வைத்த ஹை-லோவைத்தான் புதிதாகப் பழகுபவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம். 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்றால் ஒன்று கழி. 7, 8, 9 கணக்கில் இல்லை. ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

ஜோக்கரை எடுத்துவிட்டால் 52 சீட்டில் கூட்டல் 20, கழித்தல் 20, சும்மா 12. ஆக, கட்டு தீரும்போது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். விடை முன்பே தெரிவதால் மனசு தானாகப் பூஜ்யத்துக்கு இழுக்கும். அதனால் ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி 51-ஐ எண்ணுங்கள். பிளஸ் ஒன்றில் முடிந்தால் கவிழ்ந்திருப்பது பத்தோ படமோ ஏஸோ. மைனஸ் ஒன்று என்றால் சின்னச் சீட்டு. புரட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேகத்துக்கு இரண்டிரண்டாகப் பாருங்கள். ராஜாவும் 4-ம் சேர்ந்து வந்தால் எண்ணவே வேண்டாம், கண் தாண்டிப் போகட்டும். 5-ம் 3-ம் வந்தால் நேராக இரண்டு கூட்டு. ஒரு கட்டு 30 நொடிக்குள் முடிந்தால் போதும். தவறு அதிகம் நடப்பது பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில்: மைனஸ் ஒன்றில் இருக்கும்போது 6 விழுந்தால் பூஜ்யம், ஆனால் வாய் "மைனஸ் இரண்டு" என்று முணுமுணுக்கும். பழைய கட்டாக இருந்தால் சீட்டு ஒட்டிக்கொண்டு இரண்டு ஒன்றாக வரும். நம் கணக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, புதுக் கட்டு எடுங்கள்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் வகுத்தல். பல கட்டுகளைச் சேர்த்து ஆடும்போது, அதுவரை கூட்டிக் கழித்து வந்த எண்ணை மீதமுள்ள கட்டுகளால் வகுத்தால்தான் ட்ரூ கவுண்ட், அதாவது உண்மையான கணக்கு. பிளஸ் 8, மீதி நான்கு கட்டு என்றால் 2. மீதி இரண்டே என்றால் 4. வெளியே போன கட்டுகளால் வகுப்பது வழக்கமான பிழை. இங்கேதான் செல்போன் பயிற்சி ஆப்கள் காலை வாருகின்றன: மீதிக் கட்டைத் திரையிலேயே எண்ணாகக் காட்டும் ஆப்பில் கண் எதையும் கற்பதில்லை. ஆறு கட்டு வாங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிவைத்து உயரத்தைப் பார்த்துப் பழகுவதே மேல். வகுத்தல் கசந்தால் கேஓ முறை இருக்கிறது. அதில் 7-க்கும் ஒன்று கூட்ட வேண்டும், ஒரு கட்டு பிளஸ் 4-ல் முடியும், வகுக்க வேண்டியதில்லை. சோம்பேறிகளுக்கு என்று ஒதுக்கிவிட முடியாத நல்ல முறை.

எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அடிப்படை ஆட்ட அட்டவணை கைவராமல் இதில் இறங்குவது வீண். அதைப் பிசகாமல் ஆடினாலே, நல்ல விதிகளில், கேசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதமாகக் குறையும். மீதியில் பெரிய சீட்டு கூடுவதால், ட்ரூ கவுண்ட் ஒவ்வொன்று ஏறும்போதும் ஏறத்தாழ அதே அரை சதவீதம் நம் பக்கம் சாயும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தோ படமோ சேரும் 'பிளாக்ஜாக்' கைக்கு 100-க்கு 150 தராமல் 120 மட்டும் தரும் மேசையில் இந்த லாபமெல்லாம் கரைந்துவிடும். ஒவ்வொரு கைக்கும் சீட்டைப் புதிதாகக் கலைக்கும் கணினி ஆட்டத்தில் எண்ணுவதற்கு எதுவுமே மிஞ்சாது.